உப்பு இல்லை என்று வந்த செய்தி

மரக்காணம் உப்பளத்தில் நவம்பர் வந்துவிட்டால் வேலை கிடையாது. பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும். கோடையில் வாரிய உப்பு, கீற்று போட்டு மூடிய குவியல்களாக மேட்டில் கிடக்கும். 2016 நவம்பரிலும் அப்படித்தான் கிடந்தது.

அப்போதுதான் பேரனின் செல்போனில் அந்தச் செய்தி வந்தது. "ஆயா, டெல்லிப் பக்கம் உப்பே கிடைக்கலையாம். கிலோ 200 ரூபாய்க்கு மேல விக்குதாம்!"

முப்பது வருடம் உப்பு வாரிய ஆயா குவியல்களைப் பார்த்தார். "இங்க வாங்க ஆளில்லாம கிடக்கு. அங்க எப்படிடா இல்லாம போச்சு?"

இல்லாமல் போகவில்லை. உலகில் அதிகம் உப்பு எடுக்கும் முதல் மூன்று நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பழைய ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த சில நாட்களில் கிளம்பிய வதந்தி அது. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் மக்கள் கடைகளில் முண்டியடித்தார்கள். தட்டுப்பாடே இல்லை என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

இன்று அந்தப் பேரன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வீடியோ காலில் பழைய கதை வந்தபோது பெருமையாகச் சொன்னான். "இங்க அப்படிக் கிளப்பிவிட முடியாது ஆயா. 2019-லயே சட்டம் போட்டுட்டாங்க. பொய்னு அமைச்சர் சொல்லிட்டா, திருத்தம் போட்டே ஆகணும்."

"நல்லதுதான். அமைச்சர் சொல்றதே தப்பா இருந்தா?"

"கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா தீர்ப்பு வர்ற வரைக்கும் திருத்தம் இருக்கணும்."

ஆயா கேட்டதற்கு உப்பிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1930 மே 21 அன்று, குஜராத்தின் தராசனா உப்பளத்தை நோக்கி நடந்த சத்தியாகிரகிகளைப் போலீஸார் தடியால் அடித்துச் சாய்த்தார்கள். அடிபட்டவர்கள் திருப்பிக் கை ஓங்கவில்லை. அமெரிக்க நிருபர் வெப் மில்லர் அதை நேரில் பார்த்தார். மருத்துவமனைக்கும் போய் எண்ணினார்: காயம்பட்டவர்கள் 320 பேர், இறந்தவர்கள் இருவர். அவருடைய தந்தியை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். அவர் விடாமல் போராடி அனுப்பிய செய்தி உலகமெங்கும் வெளியானது. ஆள்பவர்களுக்கு அது சட்டம் ஒழுங்குப் பிரச்னை. அடி வாங்கியவர்களுக்கு அது சுதந்திரம்.

நாட்டுக்கு நாடு இந்தக் கணக்கு மாறுகிறது. அமெரிக்காவில் பொய்யைக்கூட அரசு எளிதில் தடுத்துவிட முடியாது. இந்தியாவிலோ, தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று மத்திய அரசே முடிவு செய்யும் விதியை, 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆயாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது பதற்றமாக எதையாவது வாசித்தால், ஒன்றுதான் கேட்பார்:

"இதை யாரு கண்ணால பார்த்தது?"