ஒரு மிடறு மெஸ்கால்

ஆசிரியர் மதுவைப் பற்றி எழுதலாமா எனப் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நானும் சுளித்தவன்தான். தோட்டத்தில் அப்பாவின் சம்பளம் சம்சுவில் கரைந்ததைக் கண்டு வளர்ந்தவன் நான்.

அண்மையில் முன்னாள் மாணவர் ஒருவர் மெக்சிகோவிலிருந்து மெஸ்கால் புட்டியொன்றைக் கொண்டுவந்தார். “ஐயா, இதை ஒரே மூச்சில் விழுங்கக் கூடாது, துளித்துளியாகச் சுவைக்க வேண்டும்,” என்றார்.

அவரே விளக்கினார். ஓவாஹாக்கா மாநிலத்தில், முற்றிய கற்றாழையின் இலைகளைச் சீவி, நடுத்தண்டை மண்குழியில் சுடுகற்களின்மேல் சில நாள்கள் வேகவைக்கிறார்கள். புகைமணம் அதனால் ஏறுகிறது. டெக்கிலாவுக்கு நீலக் கற்றாழை மட்டுமே உரியது. அது முற்றுவதற்குப் பெரும்பாலும் 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். புட்டியில் ‘100% அகேவ்’ என்னும் குறிப்பு இல்லையெனில், அதற்கான சர்க்கரையில் 49 விழுக்காடு வரை வேறு பயிரிலிருந்து வந்திருக்கலாம்.

ஒரு மிடறு நாவில் வைத்தேன். முதலில் புகை, பின்னர் ஈரமண், இறுதியில் மெல்லிய இனிப்பு.

அப்பா ஒருநாளும் இவ்வாறு சுவைத்ததில்லை; கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். எதை மறக்க விழுங்கினார் என்று நான் கேட்டதே இல்லை. அவர்மீதிருந்த சினம் அன்று சற்றே தணிந்தது.

எஞ்சிய புட்டியை மாணவரிடமே கொடுத்தனுப்பினேன். எனக்கு அந்த ஒரு மிடறு போதும்.