எப்படிப் பட்டது காயம்?

தோட்ட மருந்தகப் பதிவேட்டில் கட்டங்கள் அதிகமில்லை. தேதி, பெயர், செக்ரோல் நம்பர், நோய், கொடுத்த மருந்து, லீவு. காயமென்றால், எப்படிப் பட்டது என்று கூடுதலாக ஒரு வரி. பேராக் ரப்பர் தோட்டங்களில் முப்பது ஆண்டுகள் டிரெசராக இருந்துவிட்டு இப்போது ஈப்போ புந்தோங்கில் மகள் வீட்டில் இருக்கும் ஒருவர், தன் தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் அந்த ஒரு வரிதான் என்கிறார். பாம்புக்கடிக்கும் நள்ளிரவுப் பிரசவத்துக்கும் கை நடுங்காத மனிதர் அவர்.

சட்டப்படி அவர் 'தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்'. 1965-ல் இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் மக்களுக்கு எப்போதும் டிரெசரய்யாதான். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலும் கட்டியும் வெட்டுக்காயமும் இவர் தலையில். சம்பளம் தோட்டத்துடையது. குடியிருந்த வீடும் தோட்டத்துடையது. வீடு யாருடையது என்பது கதையில் மறுபடியும் வரும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் டிரெசரின் சங்கடம் என்றால் எம்.சி., அதாவது நோய் விடுப்புச் சீட்டு, என்றே நினைப்பார்கள். பொழுது விடியும் முன்னே பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு மணி அடித்துவிடும்; பேர் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதனால் சம்பளத்துக்கு மறுநாள் மருந்தகத்து வாசலில் தலைவலிக்காரர்கள் வரிசை கட்டுவார்கள். தொழிலாளர் சட்டம் சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாள் என்று நோய் விடுப்பை அளந்து வைத்திருக்கிறது. அதற்குள் எது தலைவலி, எது தவரணைக் கள் என்று பிரிக்க வேண்டியது இவர். பிள்ளையை முதன்முதலாகத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க ஒருநாள் வேண்டும் என்று கேட்டவளுக்கும் வயிற்றுவலி என்று எழுதியிருக்கிறார். மாதக் கடைசியில் மேனேஜர் கணக்குக் கேட்பார், இவரும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். "அதெல்லாம் மார்க்கெட்டுல கத்தரிக்கா பேரம் பேசற மாதிரி" என்று சிரிக்கிறார். மனசை அறுத்தவை வேறு.

ஓர் இரவு, கை மணிக்கட்டு ஒடிந்து ஒருத்தி வந்தாள். "படியில வழுக்கிட்டேங்கய்யா." அந்த லயத்து வீடுகளுக்கு இருந்ததே இரண்டு படி. கட்டைக் கட்டிக்கொண்டே அவர் பேசாமலிருக்க, அவளே மெதுவாகச் சொன்னாள்: "நீங்க போலீசுக்கு எழுதினா அவருக்கு வேலை போயிரும். வேலை போனா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க. மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்கய்யா போவேன்?"

குடும்ப வன்முறைச் சட்டம் மலேசியாவில் நிறைவேறியது 1994-ல். இது அதற்கு முந்திய சங்கதி. சட்டம் இருந்திருந்தாலும் அவள் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்குமா? தோட்டத்தில் வேலையும் கூரையும் ஒரே கயிற்றில் கட்டியவை. அடித்தவனைத் தண்டித்தால் அடிபட்டவள் தெருவில் நிற்பாள். உண்மையை எழுதும் நல்ல பெயர் டிரெசருக்கு. அதற்கு விலை கொடுப்பவள் அவள். பொய்யை எழுதினாலும் விலை அவள்தான் கொடுப்பாள், கொஞ்சம் கொஞ்சமாக.

அன்று அவர் எழுதியது இது: "படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்." அதற்குக் கீழே, இடது மேற்கையில் நான்கு விரல் பதிந்த கன்றல், அதன் அளவு, நிறம். குற்றம் சாட்டவில்லை, கண்ணில் பட்டதை விடவும் இல்லை. 'விழுந்தார்' என்பதற்கும் 'விழுந்ததாகச் சொல்கிறார்' என்பதற்கும் நடுவில்தான் தன் தொழில் முழுவதும் இருந்தது என்கிறார். இரண்டு ஆண்டு கழித்து, தம்பி வீட்டில் இடம் கிடைத்த பிறகு, அவளே வந்து அந்தப் பக்கத்தைக் கேட்டாள். இதை வெற்றிக் கதையாகச் சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை. அந்த இரண்டு ஆண்டும் அவள் அடி வாங்கிக்கொண்டுதானே இருந்தாள்.

நம்மவர்கள் இந்த இடத்தில் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் வாய்மையின் இடத்தைக் கொடுக்கலாம் என்று சலுகை தந்தவர் அவர். நன்மை குற்றமற்றதுதான் என்று பேனா பிடித்தவனே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாமா? அங்கேதான் இடிக்கிறது.

இடித்த இடம் ஒன்று டிரெசருக்கே இருக்கிறது. களைக்கொல்லி தெளிப்பதைத் தோட்டத்தில் 'மருந்தடிப்பு' என்பார்கள். நஞ்சுக்கும் மருந்து, நஞ்சு பட்டு வருபவருக்குக் கொடுப்பதும் மருந்து. தமிழ் இப்படியும் சில சமயம் கைவிட்டுவிடுகிறது. தெளித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதுகில் பம்பு, பல நேரம் வெறுங்கை. கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், கையில் புண், நிறம் மாறிக் கழன்று விழும் நகம். பாராகுவாட் என்று அந்தக் களைக்கொல்லியின் பெயரை எழுத வேண்டிய இடம் அது. எழுதினால் வேலையால் வந்த நோயாகும், பெர்க்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்புக்குப் போகும், விசாரணை வரும். அந்த ஆண்டு மகள் ஐந்தாம் படிவம், பரீட்சைக்கு நான்கு மாதம். அவர் 'தோல் அழற்சி' என்று எழுதினார். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டார்.

வாயால் மேனேஜரிடம் சொன்னார். கையுறை வந்தது. வெயிலில் கை வெந்துபோகிறதென்று பெண்கள் அதைக் கழற்றிப் போட்டார்கள். மேனேஜர் கெட்டவரல்ல, அவருக்கும் மேலே ஒருவர் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

2002-ல் தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது, 2006-ல் தளர்த்திக்கொண்டது, முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ல்தான். நடுவில் போன அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குள் பல தோட்டங்களின் மருந்தகப் பதிவேடுகளில் எத்தனை காலிக் கட்டங்கள் இருந்திருக்கும் என்று அவர் யோசிப்பதுண்டு. தன்னுடையது ஒன்று என்பது மட்டும் அவருக்கு நிச்சயம்.

ஓய்வுக்குப் பிறகு ஒருவர் அவர் கையில் கொடுத்த புத்தகம் 'நோ டிராம் ஆஃப் மெர்சி', 1954-ல் வெளிவந்தது. எழுதியவர் சிபில் கார்த்திகேசு. ஈப்போ புரூஸ்டர் ரோட்டில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவோடு கிளினிக் நடத்திய தாதி, மருத்துவச்சி. ஜப்பானியர் வந்ததும் பாப்பான் என்ற சின்ன ஈய நகரத்துக்குப் போனார். பகலில் ஊர்க்காரர்களுக்கு மருந்து, இரவில் மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையின் காயம்பட்டவர்களுக்கு மருந்து, ஒளித்துவைத்த வானொலியில் பிபிசி. 1943-ல் கைதானார். நகங்களைப் பிடுங்கினார்கள், முதுகெலும்பு சேதமாகும்வரை அடித்தார்கள். பெயர்களைச் சொல்லவில்லை. கடைசியில் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாயின் சார்ஜன்ட் யோஷிமுரா அவருடைய சின்ன மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்ட ஏற்பாடு செய்தான். அப்போதும் அவர் சொல்லவில்லை. மேலதிகாரி ஒருவர் தலையிட்டதால் குழந்தை பிழைத்தது.

போருக்குப் பின் யோஷிமுராவுக்கு மரண தண்டனை. சிபிலுக்கு ஜார்ஜ் பதக்கம், சிகிச்சைக்காக பிரிட்டன் பயணம், அங்கேயே மரணம். உடலை 1949-ல் கொண்டுவந்து ஈப்போ செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டி அடக்கம் செய்தார்கள். ஊரில் அவர் பெயரில் ஒரு சாலையும் இருக்கிறது.

படித்து முடித்ததும் டிரெசருக்கு வந்தது பெருமை அல்ல, கோபம். பெற்ற பிள்ளையைத் தீக்கு மேலே விட்டு வாயை மூடிக்கொள்ள ஒரு தாய்க்கு என்ன உரிமை? கோபம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள், சிபில் சொல்லாத பெயர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்று தோன்றியது. அதற்குப் பிறகு யார் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஈப்போவிலிருந்து பாப்பானுக்கு பஸ் ஏறினார். மெயின் ஸ்ட்ரீட் 74-ஆம் எண் வீட்டின் பின்பக்கம் போய், போராளிகள் இருட்டில் வந்து போன வழி எதுவாயிருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். கதவுக்கும் சிகிச்சை மேசைக்கும் நடுவே எத்தனை அடி இருக்கும் என்று அளந்தது தொழில் புத்தி.

ஐந்தாம் படிவத்து மகள் இப்போது தாதி. ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்தில் வங்காளதேசத்து இளைஞர்கள். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்:

"கை நசுங்கி ஒரு பையன் வந்தான்பா. கேட்டதுக்கெல்லாம் கூட வந்த பாஸே பதில் சொல்றாரு. ரூம்ல விழுந்தானாம்."

"அவரை வெளிய அனுப்பிட்டுக் கேட்டியா?"

"எனக்கு அவன் பாஷை தெரியாது. அவனுக்கு மலாய் வராது."

"சரி, அந்தக் கட்டத்துல என்ன எழுதின?"

மகள் பதில் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் அரிசி களையத் தொடங்கினாள். அவரும் திரும்பக் கேட்கவில்லை.