மருந்து சலுகை காட்டாது

குடகில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு. சாவு விழுந்தால் இரண்டு. செப்டம்பரில் வரும் கைல்போள்த் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை. வெள்ளைக்காரன் காலத்தில் குடகர்களுக்குக் கிடைத்த உரிம விலக்கை 2019-ல் மத்திய அரசு பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

விலக்கெல்லாம் சட்டத்தில்தான். அதில் போடும் மருந்து யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

பெங்களூருக்குக் குடிவந்துவிட்ட குடகுக் குடும்பங்கள் ஏராளம். காபித் தோட்டத்து வீட்டில் எதையும் ஒதுக்குப்புறமாக வைக்க இடம் உண்டு. அடுக்குமாடி வீட்டில்? பூஜை விளக்கு, காஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் எல்லாம் பத்தடிக்குள்.

பத்திரம் என்றதும் இரும்பு பீரோதான் ஞாபகத்துக்கு வரும். துப்பாக்கிக்கு அது சரி. மருந்துக்கு அதுவே வினை. இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்து திறந்த இடத்தில் பற்றினால் சீறி எரிந்து அடங்கிவிடும். இறுக மூடிய இரும்புக்குள் பற்றினால் புகை வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி, பீரோவே குண்டாகிவிடும். சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பும் பழக்கமுள்ளவர்கள் மருந்தை வாங்கிய டப்பாவிலேயே, அழுத்தத்துக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும் மரப்பெட்டியில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைப்பது இதனால்தான். அடி பட்டாலே வெடிக்கும் கேப்புகளுக்குத் தனி இடம். நாட்டுத் துப்பாக்கியின் கரிமருந்து இன்னும் பொல்லாதது. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த அந்தக் கலவைக்கு ஒரு பொறி போதும்.

பட்டாசுக்குள் இருப்பதும் இதன் பங்காளிதான். 2023 அக்டோபர் 7 அன்று, பெங்களூரு - ஓசூர் சாலையில் உள்ள அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கும்போது பிடித்த தீ, கடையையும் கிடங்கையும் விழுங்கியது. மாண்டவர்கள் 14 பேருக்கும் மேல். பலர் தீபாவளி சீசன் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். சரக்கும் ஆட்களும் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

அடுக்குமாடியிலும் கூரை ஒன்றுதான். மேல் வீட்டுக் குழந்தையையும் கீழ் வீட்டுப் பாட்டியையும் கேட்டுக்கொண்டு யாரும் மருந்து வாங்கி வைப்பதில்லை. பாட்டன் விட்டுப்போன துப்பாக்கிக்குப் பூ வைக்க மருந்து தேவையில்லை. ஊரில் இருக்கும் மருந்து ஊரிலேயே இருப்பதால் எந்தக் குடும்பத்தின் மானமும் போய்விடாது.