பழைய அத்திமரத்துக்குத் தெற்கே 100 மீட்டர்!

வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் போகிற 'ஹலோ'வை, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்றும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துவைக்கும் இணையதளம் 'போஸ்ட்கிராஸிங்'. போர்ச்சுகல் இளைஞர் பாவுலோ மகல்யாயிஷ் 2005-ல் தொடங்கியது. பதிவு செய்தால், ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் முகவரி கிடைக்கும். அவருக்கு ஒரு போஸ்ட்கார்டு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும், வேறு யாரோ ஒருவர் உங்களுக்கு எழுதுவார்.

கார்டில் இருக்கும் படம் ஊரைக் காட்டும். அந்த ஊர் மனிதர்களைக் காட்டுவது பின்பக்கத்து முகவரிதான்.

ஜப்பானிய மொழியில் முகவரி தலைகீழாக வரும். அஞ்சல் எண், மாகாணம், நகரம், வட்டாரம் எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி, கடைசியில்தான் ஆளின் பெயர். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, பிளாக்குக்குத்தான் எண். பெயருக்குப் பின்னால் 'சமா' என்று சேர்ப்பது மரியாதை. கல்யாணப் பத்திரிகை கவரில் நாம் 'அவர்கள்' என்று எழுதுவதுபோல!

கோஸ்டா ரிகா நமக்கு இன்னும் நெருக்கம். கதவு எண்ணைவிட அங்கே அடையாளம்தான் முக்கியம். 'சர்ச்சுக்கு வடக்கே 200 மீட்டர்' என்றால், இரண்டு பிளாக் தாண்டி என்று அர்த்தம். தலைநகர் சான் ஹோசேவை ஒட்டிய சான் பெட்ரோவில் 'பழைய அத்திமரம்' ஓர் அடையாளம். மரம் போய்ப் பல வருடங்கள் ஆகியும், வழி சொல்வது அதை வைத்துத்தான். 'பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புரியாதா என்ன?

அயர்லாந்தில் 2015 வரை நாடு முழுவதற்குமான பின்கோடு முறையே இல்லை. கிராமங்களில் பல வீடுகளுக்கு ஒரே முகவரி. யார் வீடு எது என்பது தபால்காரருக்குத்தான் தெரியும்.

அந்தத் தபால்காரர் எத்தனை நாளைக்கு வருவார் என்பதுதான் இப்போது கேள்வி. டென்மார்க்கில் 1624-ல் தொடங்கிய அஞ்சல் சேவையின் வாரிசான 'போஸ்ட்நார்ட்', 2025 இறுதியோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்திவிட்டது. சிவப்புத் தபால் பெட்டிகளையும் அகற்றிவிட்டார்கள். கடிதம் கொண்டுபோவது இனி தனியார் வேலை.

நம் தெருவில் தபால்காரர் இன்னும் வருகிறார். இன்று வீட்டுப் பிள்ளைகளிடம் நம் முகவரியைக் கையால் எழுதச் சொல்லிப் பாருங்கள். பின்கோடு நினைவிருக்கிறதா? 6-ல் தொடங்கும் அந்த எண்ணைப் பார்த்து, எங்கோ ஒருவர் நம் ஊரை மேப்பில் தேடக்கூடும்!