சுவாமிமலையில் ஒரு பழைய சைக்கிள்

கும்பகோணத்துக்கு மேற்கே ஐந்து மைல் தூரத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது சுவாமிமலை. தகப்பனுக்குப் பிரணவத்தின் பொருளை உபதேசித்த சுவாமிநாதன் வீற்றிருக்கும் ஸ்தலம். பிரபவ முதல் அக்ஷய வரை அறுபது வருஷங்களின் பெயர் தாங்கிய அறுபது படிகளை ஏறி, தரிசனம் முடித்து இறங்கிய பிறகு, ஊர்ப் பிரமுகர் ஒருவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் நம்மை அழைத்தது ஒரு சைக்கிளைப் பார்ப்பதற்காகத்தான்.

வண்டி திண்ணையில் சாத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. அதில் இன்னும் எழுத்து ஏறவில்லை. பெரியவர் சொன்னார்: "1930-இல் உப்புச் சத்தியாக்கிரகப் படை கும்பகோணம் வழியாகப் போனபோது, என் தகப்பனார் இந்த வண்டியில்தான் தொண்டர்களுக்குச் சோற்றுப் பானை கொண்டுபோனார். அதைப் பலகையில் எழுதி வைக்கவேண்டும். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்."

அந்தக் காலத்தில் அது சாமானியக் காரியமல்ல. ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்டு, 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அவர்களுக்கு உணவளிப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் எச்சரித்திருந்தார். அதையும் மீறி ஜனங்கள் சோறிட்டார்கள்.

வண்டியின் குலம் கோத்திரத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாயிற்று. பழைய சீமைச் சைக்கிள்களுக்கு முகப்புத் தகடும் மிதிப் பல்சக்கரமும்தான் சாமுத்திரிகா லக்ஷணம். மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்திருந்தால் பி.எஸ்.ஏ.; அது பர்மிங்காமில் துப்பாக்கி செய்து பிழைத்த கம்பெனி. விரித்த கை இருந்தால் ரட்ஜ். நாரையின் தலை இருந்தால் நாட்டிங்காம் நகரத்து ராலே. இங்கே இருந்தது நாரை.

வயதுதான் கடினம். இந்த ஊர் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, உலோகம் வார்த்தபின் கருவை உடைத்து விடுகிறார்கள். ஆகவே ஒரு விக்கிரகம்போல் மற்றொன்று இல்லை. சைக்கிளோ ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வந்தது. அதன் பிராயத்தை அறிய, பொறித்த எண்ணைத்தான் தேடவேண்டும்.

பெரியவரின் பேரன், பள்ளிக்கூடத்துப் பையன், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பின்சக்கரத்தின் குடத்தைத் துடைத்தான். அழுக்கு நீங்கியதும் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' என்ற பெயரும், 'ஏ டபிள்யூ' என்ற எழுத்துக்களும், பக்கத்தில் 8 என்ற எண்ணும் தெரிந்தன. அது மூன்று வேகம் கொண்ட குடம். யுத்தத்துக்கு முந்திய குடங்களில் வருஷத்தின் கடைசி இலக்கத்தை மாத்திரம் பொறிப்பது வழக்கம். 'ஏ டபிள்யூ' வகை வெளிவந்ததே 1936-இல். ஆகவே 8 என்பது 1938.

பையன் விரல் விட்டு எண்ணினான். "தாத்தா, 1930 பிரமோதூத வருஷம், நாலாவது. 1938 வெகுதானிய, பன்னிரண்டாவது. எட்டுப் படி வித்தியாசம்!"

பெரியவர் முகம் வாடிற்று. சக்கரத்தைப் பின்னால் மாற்றியிருக்கலாம் என்றும், குடத்தின் வயது குடத்துக்கே உரியது, சட்டத்துக்கு அல்லவென்றும் நாம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா சோறு கொண்டுபோனது நிச்சயம். அதை என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பானையில் சோறு வடித்தவளே அவள்தான். எந்த வண்டி என்று அவள் சொன்னதில்லை. அதை நான்தான் சேர்த்துக்கொண்டேன்" என்றார்.

பலகையைப் பேரனிடமே கொடுத்தார். அவன் இரண்டு வரி எழுதினான்: "என் கொள்ளுத்தாத்தா 1930-இல் உப்புப் படைக்குச் சோறு சுமந்தார். இது அவர் ஓட்டிய ராலே சைக்கிள்; பின்சக்கரம் 1938."

பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சரிதான். இந்த ஊரில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் பாடம் கேட்பது புதிதா என்ன?" என்று சொல்லி, ஆணியும் சுத்தியலும் எடுத்துவர எழுந்தார்.