பூட்டிய கேட்டும் ஐந்து கலண்டர்களும்

பதுளை உறவுகளே,

போன தவணையில் எங்கள் கையால் நடந்த பிழையொன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஓ.எல். பிள்ளைகளுக்கு இலவசக் கணிதக் கருத்தரங்கு ஒன்றைச் சனிக்கிழமைக்கு வைத்தோம். அன்றைக்கு நமுனுகுலைப் பக்கத் தோட்டமொன்றில் தேர் என்று தெரியவந்ததும் ஞாயிறுக்கு மாற்றினோம். எங்கள் கலண்டரில் திகதி மாறிவிட்டது. மற்ற நான்கு தளங்களிலும் பழைய சனிக்கிழமையே நின்றது. முதல் பஸ்ஸில் வந்த 11 பிள்ளைகள் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். தேர் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் அம்மா அரைப்பேரை விட்டுவிட்டுக் கூட வந்திருந்தார். "பரவாயில்ல சேர், நாளைக்கு வாறோம்" என்றார். அந்தப் 'பரவாயில்ல' எங்களை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

காரணம் சின்னது. மூன்று பாடசாலை, ஒரு பள்ளிவாசல், ஒரு வாசிகசாலை என்று ஐந்து இணையத்தளங்கள். ஒவ்வொருவரும் எங்கள் கலண்டர் கோப்பை இறக்கித் தங்கள் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். அப்படி ஏற்றினால் அது போட்டோ பிரதி மாதிரி, மூலத்தைத் திருத்தினாலும் பிரதி மாறாது. செய்திருக்க வேண்டியது, கலண்டரின் ஐசிஎஸ் இணைப்பைக் கொடுத்துச் 'சந்தா'வாகச் சேர்ப்பது. அப்போது மூலத்தில் மாற்றுவது எல்லா இடத்துக்கும் போகும். உடனே போகாது, கூகுள் கலண்டரில் சிலவேளை ஒரு நாள்கூட எடுக்கும். அதனால் கடைசி நேர மாற்றத்தை இப்போது வட்ஸ்அப்பிலும் போடுகிறோம்.

இன்னொரு தளத்தில் காலை 8.30 கூட்டம் 3.00 மணி என்று காட்டியது. பேய்க்கூட்டமா என்று சிரித்தோம். பார்த்தால் நேர வலயம் கிறீன்விச்சில் கிடந்தது. கொழும்புக்கு மாற்றியதும் சரி. 1996இல் மணிக்கூட்டை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரை மணித்தியாலத்துக்குத் திரும்பிய நாடல்லவா நம்முடையது! 'பழைய நேரமா, புது நேரமா' என்று கேட்டுக்கேட்டே பஸ் ஏறிய காலம் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும்.

பெருநாள்தான் உண்மையான தலையிடி. கூகுளின் விடுமுறைப் பட்டியல் கணக்கில் போட்ட நாளைத் தருகிறது. நாங்களோ கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் பிறை அறிவிப்புக்குக் காத்திருக்கிறோம். அதனால் பெருநாளையும் அடுத்த நாளையும் 'பிறை பார்த்து' என்று குறித்து, இரண்டு நாளிலும் வேறெதுவும் வைப்பதில்லை. நோன்பு விடுமுறையால் முஸ்லிம் பாடசாலைத் தவணையும் தமிழ்ப் பாடசாலைத் தவணையும் ஒன்றாக வராது. அவற்றுக்கு இரண்டு நிறம்.

இப்போது மூலக் கலண்டரில் எழுத இரண்டு பேருக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். சிலருக்கு இதில் மனவருத்தம்தான், ஆனால் விடமாட்டோம். டேட்டா இல்லாத லயங்களுக்காக மாத முதல் நாளில் ஒரு தாள் அச்சடித்துக் கோயில் சுவரிலும் கடையிலும் ஒட்டுகிறோம்.

அந்த அம்மா ஞாயிறும் வந்தார். பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத் தோட்டங்களின் அடுத்த வருடத் தேர்த் திகதிகள் எங்களிடம் இன்னும் முழுதாக இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கருத்தரங்கு நாள் வைக்குமுன் அவற்றை ஏற்றிவிட வேண்டும்.