சோங்கும் தோளும்

துவக்கின் உறுப்புக்களுள் மனித உடலை அளந்து ஆக்கப்படுவது சோங்கு. குழலும் விசையும் வெடிமருந்தின் கணக்கிலே பிறந்தவை. சோங்கோ, சுடுபவனின் தோள் எவ்வளவு அகலம், கை எவ்வளவு நீளம், கன்னம் எங்கே சாயும், கண் எந்த உயரத்தில் நிற்கும் என்ற கேள்விகளிலிருந்து பிறப்பது. இரும்பு யந்திரத்துக்கும் மனிதத் தசைக்கும் இடையே செய்யப்பட்ட உடன்படிக்கை என்று அதனைச் சொல்லலாம்.

அந்த உடன்படிக்கையைத் திருத்தி எழுதுவதே இப்போது என் தமக்கையின் மகனுக்குத் தொழில். ரொறன்ரோவில், கணினி இயக்கும் கடைசல் யந்திரங்கள் நிறைந்த சிறு பட்டறை ஒன்றில் அவன் வேலை செய்கிறான். ரூகர் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 10/22 என்னும் சிறு துவக்குக்கு அலுமினியச் சட்டகச் சோங்கு ஒன்றை அமைத்துக் கொண்டிருக்கிறான். விசையை அழுத்துந்தோறும் ஒரு வேட்டுத் தீர்த்து, அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தன்னியக்கத் துவக்கு அது. வட அமெரிக்காவில் இலக்குச் சுடுவோரும் முயல் வேட்டையாடுவோரும் பெருமளவில் வாங்குவது. வாங்கியவர்கள் அதனோடு வந்த மரச்சோங்கைக் கழற்றிவிட்டு வேறொன்று பூட்ட விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை நம்பி ஒரு தனி வியாபாரமே வளர்ந்திருக்கிறது.

மரச்சோங்கின் குறை யாது? “மாமா, மரம் ஈரத்துக்கு ஊதுது, வெயிலுக்குச் சுருங்குது, அலுமினியத்துக்கு ஈரம் ஏறாது” என்று தொலைபேசியில் விளக்கினான். சோங்கு ஊதினால் குழலின் ஒரு பக்கத்தை அழுத்தும். அழுத்தம் மாறினால் சன்னம் படும் இடமும் மாறும். ஆகவே லொறிக்குச் செசி இருப்பதுபோல் துவக்குக்கும் உலோகத்தால் ஓர் அடிச்சட்டம் செய்கிறார்கள். துவக்கின் நடுவுடல் அதிலே அசையாமல் குந்துகிறது. குழல் எதிலும் முட்டாமல் முன்னே நீண்டு நிற்கிறது. மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த 6061 என்னும் அலுமினியக் கலப்பே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகிறது. சைக்கிளுக்கும் படகுக்கும் உதவும் அதே உலோகந்தான். பின்பகுதியை நீட்டலாம், குறுக்கலாம். கன்னம் சாயும் பலகையை உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஒரே சோங்கு, எத்தோளுக்கும் பொருந்தும்.

நான் வியந்துதான் கேட்டேன். முடிவில் அவன் சொன்ன வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம்: “இதுவும் அம்மப்பான்ரை தொழில்தானே, மாமா!”

அவனுடைய அம்மப்பா, என் தந்தையார், அனலைதீவில் ஓடாவி. வள்ளங்களுக்கு வங்குக்கால் வைப்பதற்கு நேர்மரத்தை வளைக்கமாட்டார். வளைந்தே வளர்ந்த வேப்பங்கிளையைத் தேடித் தீவெங்கும் அலைவார். கிளையின் வளைவும் வள்ளத்தின் வயிறும் ஒன்றாகும் வரையில் வாய்ச்சியால் செதுக்கிச் செதுக்கி ஒத்துப் பார்ப்பார். துடுப்புச் செய்யும்போது, அதைப் பிடிக்கப் போகிறவனை அழைத்து நிறுத்தி அவன் கையை அளப்பார். பொருந்தச் செய்தலே கைவினையின் அறிவு என்றால், பேரனும் அந்த அறிவின் வாரிசுதான். மரம் உலோகமாயிற்று, வாய்ச்சி கணினியாயிற்று. இவ்வளவில் அவன் சொன்னதை நான் மறுக்கவில்லை. சோங்குக்கு அழகு சேர்ப்பதும் இந்நாட்டுக்குப் புதிதன்று. இலங்கையின் பழைய துவக்குகளின் சோங்குகள் இரண்டாய்ப் பிரிந்து சுருண்டு, கொடிக்கருக்குச் செதுக்கப்பட்டவை. அவற்றைச் செய்தவன் பெரும் கலைஞன் என்பதில் யாருக்கும் ஐயமிராது.

ஆனால், சோங்கு என்ற சொல்லை எங்கள் தீவு எவ்வாறு கற்றது? வேட்டைக்காடு இல்லாத ஊர் அது. புகையிலைத் தோட்டமும் பனையும் கடலுமே அதன் வாழ்வு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் துவக்கு வைத்திருக்கவும் இயலாது. இருந்தும் எங்கள் குழந்தைகளுக்குச் சோங்கு எதுவென்று தெரிந்திருந்தது. “சோங்கால் அடித்தான்”, “சோங்கால் கதவை இடித்தான்” என்ற வாக்கியங்களிலேயே அவர்கள் அச்சொல்லைக் கற்றார்கள். அதைச் செய்தவன் தோளில் பதியும் முனையென்று கருதியதை நாங்கள் முதுகில் விழும் முனையென்று அறிந்தோம். ஒருமுறை துறைமுகத்துச் சோதனையில், அடையாள அட்டையை எடுக்கத் தாமதித்ததற்காக என் விலாவிலும் அது பதிந்தது. பிடித்திருந்தவனின் சீருடை எதுவென்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் இம்மண்ணில் சீருடைகள் பல இருந்தன. சோங்கு எல்லாருக்கும் பொதுவாயிருந்தது.

1987 யூலையில் வந்து 1990 மார்ச்சில் சென்ற இந்தியப் படையினர் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர்., மருமகனின் துவக்கைப் போலவே அரைத்தன்னியக்கம். நீளம் ஒரு மீற்றருக்கு மேல், எடை நான்கு கிலோவுக்கு மேல். பின்னர் எங்கும் நிறைந்தது ரி-56, கலாஷ்னிக்கோவை ஒட்டிச் சீனாவில் ஆக்கப்பட்டது. குட்டையானது, சில வகைகளில் சோங்கே மடங்குவது. 1950களில் அமெரிக்காவில் விமான நிறுவனமொன்றின் பிரிவாயிருந்த ஆர்மலைற், விமானத்துக்குரிய அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் துவக்குக்குள் கொண்டுவந்தது. எடை குறைந்தது, தூக்கக் கூடியவர் தொகை கூடிற்று. கிராசா மாஷேல் 1996இல் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த அறிக்கை, மலிவும் எடைக்குறைவும் உள்ள சிறு ஆயுதங்களின் பெருக்கம் சிறுவரைப் போர்வீரராக்குவதை எளிதாக்கிற்று என்று சுட்டிக் காட்டியது. அதன் பொருளை எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பினர் பிள்ளைகளின் தோள்களில் துவக்கைச் சாத்தினர். எத்தோளுக்கும் பொருந்தும் என்ற சொற்றொடர் பட்டறையில் திறமையின் பெயர்; எங்கள் ஊர்த்தாய்மாருக்கு அதன் பொருள் வேறு.

மருமகனின் சட்டகம் அத்தகையதன்று. அது கடதாசி இலக்கைத் துளைப்பதற்கு. கனடாவில் 2020 ஏப்பிரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்டதன் பின், மே மாதத்தில் சுமார் 1,500 வகைத் துவக்குகள் தடைசெய்யப்பட்டபோது அவனுடைய சிறு துவக்கு அத்தடைக்குள் வரவில்லை. இவ்வேறுபாட்டை மறைப்பது நேர்மையன்று. எனினும், தனியே விற்கப்படும் சோங்கு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. 2017 ஒக்டோபர் 1ஆந் திகதி லாஸ் வேகாஸில் இசை நிகழ்ச்சிக்குக் கூடியிருந்தோர்மீது ஒருவன் சுட்டான். காயத்தால் பின்னர் இறந்தோரையும் சேர்த்து மாண்டவர் 60 பேர். அரைத்தன்னியக்கத் துவக்கை ஏறத்தாழ யந்திரத் துவக்கின் வேகத்தில் சுட வைக்கும் சோங்குகளை அவன் கடையிலே சட்டப்படி வாங்கிப் பூட்டியிருந்தான். 2018இல் அமெரிக்க அரசு அவற்றைத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2024 யூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. யந்திரத் துவக்கு என்பதற்குச் சட்டம் தந்த வரைவிலக்கணத்துள் அது அடங்காதாம். அறுபது உயிர்கள் ஒரு வரைவிலக்கணத்தின் வெளியே நிற்கின்றன.

கருவியிலே குற்றமில்லை, கையிலேதான் குற்றம் என்பர் சிலர். அவர்களுக்கு எங்கள் கடலே ஓர் ஆதாரம் தரும். 1985 மே 15ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து நயினாதீவு நோக்கி வந்த குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் கத்தியாலும் கோடரியாலும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உண்மை, வெறுப்புக்கு அலுமினியம் தேவையில்லை. ஆனால் இதிலிருந்து கருவியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்ற முடிவு வருமா? கோடரி விறகுக்குப் பிறந்தது; கொலைக்கு அதைத் திருப்ப வேண்டியிருந்தது. துவக்கைத் திருப்ப வேண்டியதில்லை.

சரி, பொருந்தச் செய்யும் கை வேறெங்கே போகலாம்? 1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரில், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞர் வைத்தியர் பி. கே. சேதியோடு சேர்ந்து இறப்பரால் ஒரு பாதம் செய்தார். மேனாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும், குந்தியிருக்க விடாது. ஜெய்ப்பூர்க் கால் வெறுங்காலாய் வயலில் இறங்கும், குந்தும், சம்மணமிடும். அதன் தண்டுப் பகுதி முற்காலத்தில் அலுமினியத் தகட்டால், ஒவ்வொருவர் கால்மிச்சத்தையும் அளந்து, கையால் தட்டிப் பொருத்தப்பட்டது. 1981இல் சேதிக்கு மகசேசே விருது கிடைத்தது. 1987இல் யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது. கண்ணிவெடியும் ஷெல்லும் பறித்த கால்களுக்கு அங்கே கால் செய்தார்கள். நிலத்தடியில் கிடந்த கண்ணிகளை அகற்றும் வேலை போர் முடிந்த பின்னும் நீண்டது. அதே அலுமினியம், அதே அளவுகோல், நீளத்தை மில்லிமீற்றர் கணக்கில் கூட்டிக் குறைக்கும் அதே நுட்பம். ஒரு பட்டறை தோளை அளக்கிறது. மற்றது, தோளில் சாத்தப்பட்டவற்றால் இழந்ததை அளக்கிறது.

மருமகனுக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. “நீ செய்வது அம்மப்பாவின் வேலைதான், ஆனால் அவர் அளந்தது துடுப்புப் பிடிப்பவனை மட்டுமன்று. படகில் ஏறுபவர்களையும் எண்ணிப் பார்த்தே வள்ளத்தின் விளிம்பை உயர்த்தினார். உன் சட்டகத்தின் முன்முனைக்கு அப்பால் நிற்பவனை யார் அளக்கிறார்கள்?” அவன் கோபிக்கவில்லை. “பட்டறைக்கு ஓடர் தாறவன்தான் மாமா தீர்மானிக்கிறான்” என்றான்.

அதுவே உண்மை. கடைசல் யந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கு எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. மாத இறுதியில் வீட்டுக் கடன் கட்ட வேண்டும். விளையாட்டுக்குத் துவக்கு வாங்குபவன் நூற்றுக்கணக்கில் டொலர் கொடுப்பான். கால் இழந்த கடற்றொழிலாளி கொடுக்க மாட்டான். ஆகவே, பொருந்தச் செய்யும் அறிவு முன்னவனிடம் ஓடுகிறது. பின்னவனுக்குத் தருமம் எஞ்சுகிறது. இதைத் தனிமனிதனின் ஒழுக்கம் மட்டும் மாற்றிவிடாது. திறமை எந்தத் தேவைக்குப் போகவேண்டும் என்பதைச் சந்தை தீர்மானிக்கும் வரையில், எங்கள் ஓடாவிகளின் பேரப்பிள்ளைகள் உலகின் மிகச் சிறந்த சோங்குகளைச் செய்வார்கள். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் செயற்கைக் காலோடு படகேறுபவன், படிக்கும் படகுக்கும் இடையே இருக்கும் அரை முழ வெளியைத் தாண்ட ஒருவன் கை கொடுக்கும் வரை காத்து நிற்பான். அந்த இடைவெளியை அளப்பதற்கு இன்னும் எந்தப் பட்டறைக்கும் ஓடர் கிடைக்கவில்லை.